டிரெய்லர் விளக்கு வயரிங்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாக வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் இருட்டிய பிறகும் சாலையில் ஓடும் நாட்களில்தான் டிரெய்லரின் பின்விளக்கு பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கும் போய்வரும் லாரி டிரெய்லர்களுக்கோ அது ஆண்டு முழுவதும் உள்ள தொல்லை. இரண்டிலும் வயரிங் தத்துவம் ஒன்றே. மின்னழுத்தம் மட்டும் வேறு. டிராக்டரிலும் சிறிய சரக்கு வண்டிகளிலும் 12 வோல்ட் இருக்கும்; பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். பல்பு, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் எதை வாங்கினாலும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

டிரெய்லர் விளக்கில் வரும் கோளாறுகள் பார்வைக்கு விதவிதமாக இருந்தாலும் காரணங்கள் சிலவே. அவற்றுள் மிகுதியும் எர்த், அதாவது மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில் வரும் கோளாறுகள். ஆனால் பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் பாசிட்டிவ் வயரைத்தான் முதலில் அறுத்துப் பார்க்கிறார். நல்ல வயரில் நான்கு இடத்தில் ஒட்டுப் போட்ட பிறகே எர்த்தின் பக்கம் திரும்புகிறார். அந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதி நேரம் மிச்சப்படும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு வயர்களின் நுனியிலும் கிளிப் மாட்டிய டெஸ்ட் லேம்ப், சாதாரண மல்டிமீட்டர், டிராக்டர் பேட்டரியிலிருந்து டிரெய்லரின் கடைசி வரை எட்டும் ஒற்றை வயர், உப்புத்தாள், ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர் ஆகியவை போதும். இவற்றில் மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப்தான் இந்த வேலைக்கு நம்பகமானது. டிஜிட்டல் மீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், களிம்பு ஏறிப் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் முனையிலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். அதே முனையில் 21 வாட் பல்பை மாட்டினால் அது ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும், முனையால் அதைக் கொடுக்க முடியாது, பல்பு எரியாது. “மீட்டர்ல கரண்ட் வருது, லைட்டு மட்டும் எரியல” என்ற புலம்பல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. லாரியில் சோதிப்பதானால் டெஸ்ட் லேம்பில் 24 வோல்ட் பல்பு இருக்க வேண்டும்.

முதற்படி: கோளாறு வண்டியிலா, டிரெய்லரிலா

எந்தக் குறியாக இருந்தாலும் இதை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். டிரெய்லரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வண்டியின் சாக்கெட்டில் மட்டும் சோதிக்கவும். டெஸ்ட் லேம்பின் ஒரு கிளிப்பை சாக்கெட்டின் எர்த் பின்னில் மாட்டி, மறுமுனையால் மற்றப் பின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. “பிரேக்க மிதிங்க அண்ணாச்சி… சரி, விடுங்க. இப்ப லெஃப்ட் இண்டிகேட்டரப் போடுங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இருக்கையில் இருப்பவர் அதன்படி செய்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாப் பின்களிலும் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் வண்டியில் குறையில்லை. இனிப் பார்க்க வேண்டியது டிரெய்லரை. எந்தப் பின்னிலும் எரியாமல், எர்த் கிளிப்பை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கு மாற்றியதும் எரிந்தால், சாக்கெட்டுக்கு வரும் எர்த் வயர்தான் போயிருக்கிறது. ஒரே ஒரு பின்னில் மட்டும் எரியாவிட்டால் அந்த இணைப்புக்குரிய ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று முன்னோக்கிப் போக வேண்டும்.

டிரெய்லரைத் தனியாகச் சோதிக்க வண்டியே தேவையில்லை. டிரெய்லருக்கேற்ற வோல்ட் உள்ள பேட்டரியின் நெகட்டிவை பிளக்கின் எர்த் பின்னில் இணைத்து, பாசிட்டிவை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுத்து மற்றப் பின்களைத் தொட்டால், எந்தப் பின்னுக்கு எந்த விளக்கு எரிகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஷார்ட் இருந்தால் கையில் பிடித்திருக்கும் வயர்தான் சூடாகும்.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது

பார்க் லைட் போட்டால் பின்விளக்கு மங்கலாக எரிகிறது. அப்போதே பிரேக்கை மிதித்தால் இருந்த வெளிச்சமும் அணைந்துவிடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது. விளக்கு எதுவும் போடாமல் பிரேக்கை மிதித்தால் டிராக்டரின் மீட்டர் பலகையில் உள்ள பல்பு எரிகிறது. இவற்றில் எந்த ஒன்றைக் கண்டாலும் வேறு எதையும் தொடாமல் எர்த்தைப் பார்க்கவும். பேய் பிடித்த வயரிங் என்று சிலர் முழு வயரிங்கையும் மாற்றிவிடுகிறார்கள். புது வயரிங்கிலும் எர்த்தைப் பழைய போல்டிலேயே மாட்டினால் பேய் திரும்பி வரும்.

காரணம் இதுதான். பின்விளக்கும் பிரேக் லைட்டும் பெரும்பாலான டிரெய்லர்களில் ஒரே பல்பில் இரண்டு இழைகளாக இருக்கின்றன: 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றே, அதாவது பல்பின் உலோக உடல். அந்த எர்த் அறுந்துவிட்டால், பார்க் லைட் வயர் வழியாக வந்த மின்னோட்டம் 5 வாட் இழையைக் கடந்து, இறங்க வழியில்லாமல், 21 வாட் இழை வழியாகப் பிரேக் வயரில் ஏறி, வண்டியின் சொந்தப் பிரேக் பல்பு வழியாக எர்த்தை அடைகிறது. அதனால் விளக்கு எரிகிறது, ஆனால் குறைவாக. இந்த நிலையில் பிரேக்கை மிதித்தால் பல்பின் இரு பக்கமும் 12 வோல்ட் நிற்கிறது. இடையே ஓட வேறுபாடு இல்லாததால் விளக்கு அணைகிறது. இண்டிகேட்டரின் மின்னோட்டமும் இதேபோல் மற்றப் பல்புகளின் வழியாகவே தப்பிக்கப் பார்ப்பதால் எல்லாமே சேர்ந்து சிமிட்டுகின்றன.

உறுதிப்படுத்துவது எளிது. நீள ஒற்றை வயரின் ஒரு முனையை வண்டியின் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு முனையால் டிரெய்லர் விளக்கின் எர்த் முனையைத் தொடவும். தொட்ட கணமே எல்லாம் ஒழுங்காகிவிட்டால் வழக்கு முடிந்தது. பிறகு அதே வயரை விளக்கிலிருந்து முன்னோக்கி நகர்த்தி, டிரெய்லர் சேசிஸில் ஓர் இடம், பிளக்கின் எர்த் பின், சாக்கெட்டின் எர்த் பின் என்று தொட்டுக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் தொட்டும் ஒழுங்காகவில்லையோ அதற்கும் முன்பு தொட்ட இடத்துக்கும் இடையில்தான் அறுபட்டிருக்கிறது.

நம் பக்கத்து டிராக்டர் டிரெய்லர்களில் இந்தக் கோளாறு இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம், எர்த்துக்கென்று தனி வயரே இழுக்காமல் விட்டிருப்பதுதான். டிராக்டரையும் டிரெய்லரையும் பூட்டும் கொக்கியும் பின்னும் இரும்புதானே, அதன் வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். டிரெய்லர் புதிதாக இருக்கும்போது கிடைக்கவும் செய்யும். பிறகு பின்னில் கிரீஸ் பூசப்படுகிறது, துரு ஏறுகிறது, மேட்டில் இழுக்கும்போது இறுகித் தொடுவதும் இறக்கத்தில் தளர்ந்து விடுவதுமாக ஆகிறது. எர்த் வந்து வந்து போகிறது. டிப்பர் டிரெய்லராக இருந்தால் பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே கீல் வேறு இருக்கிறது. விளக்கு பெட்டியில் இருந்தால் அதன் எர்த் இரண்டு கிரீஸ் பூசிய மூட்டுகளைக் கடந்து வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் எடுத்து, அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து தடித்த ஒரே வயராகப் பிளக்கின் எர்த் பின் வரை கொண்டுவந்து விடுவதே நிரந்தரத் தீர்வு. சேசிஸில் இணைப்பது கூடுதல் துணையாக இருக்கலாம். அதையே நம்பியிருக்கக் கூடாது.

பிளக்கைத் திறந்து பார்ப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஏழு சிறிய ஸ்குரூக்கள் தெரியும். எர்த்தான வெள்ளை வயர் போகும் ஸ்குருவைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஸ்குருவைத் தளர்த்தி வயரை இழுத்தால், செம்பு இழைகள் கறுத்துப் போய், வளைத்தவுடன் பொடிப்பொடியாக உடையும். அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, உறையைச் சீவிக்கொண்டே போய், இழை பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும். சில வயர்களில் கருப்பு ஒரு முழத்துக்கு உள்ளே ஏறியிருக்கும். தண்ணீர் உறைக்குள் ஊறி ஏறிய அடையாளம் அது. அப்படிப்பட்ட வயரை முழுவதும் மாற்றிவிடுவதே நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையில் வெள்ளத்தில் நின்ற டிரெய்லர்களில், வெளியே கழுவித் துடைத்து நன்றாகத் தோன்றினாலும், வயரின் உட்புறம் இப்படிக் கெட்டுப்போயிருக்க இடமுண்டு. உவரி, கூடுதாழைப் பக்கத்துக் கடற்கரையில் ஓடுபவற்றுக்கும் தூத்துக்குடி உப்பளங்களில் லோடு எடுப்பவற்றுக்கும் வெள்ளமே தேவையில்லை. உப்புக் காற்று போதும். புது முனைகளை ஈயம் பற்றவைத்தோ லக்கு என்ற உலோக முனையை நசுக்கியோ முறையாக முடித்து, மேலே வாசலைன் தடவி மூடவும். வெறும் முறுக்கும் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

எல்லா விளக்கும் மங்கலாக எரிகின்றன

வண்டியில் வெளிச்சம் நன்றாக இருந்து டிரெய்லரில் மட்டும் மங்கினால், வழியில் வோல்ட் இழக்கப்படுகிறது. இரவில், பார்க் லைட் எரிய, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒரு பக்க இண்டிகேட்டரும் போட்டிருக்கும் நேரத்தைக் கணக்கிடுவோம். 5 வாட் பல்பு இரண்டு, 21 வாட் பிரேக் பல்பு இரண்டு, 21 வாட் இண்டிகேட்டர் ஒன்று, ஆக 73 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர். மற்ற வயர்கள் அவரவர் பங்கை மட்டும் சுமக்க, எர்த் வயர் இந்த 6 ஆம்பியரையும் ஒன்றாகச் சுமக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 8 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 0.145 ஓம் தடை தரும். 6 ஆம்பியரில் 0.87 வோல்ட் எர்த்திலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த இழப்பு 0.36 வோல்ட்டாகக் குறையும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாக இறங்கும் இயல்புடையது: வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைகிறது. எனவே எர்த்துக்கு 2.5, மற்றவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வது டிராக்டர் டிரெய்லருக்குப் பொருத்தமானது. வீட்டு மின்விசிறிக்கு வாங்கி மிஞ்சிய மெல்லிய இரட்டை வயரை இதற்கு இழுப்பதைப் பல இடங்களில் காணலாம், அது வேண்டாம்.

இழப்பு எங்கே என்று அறிய இங்குதான் மீட்டர் உதவுகிறது. எல்லா விளக்கையும் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் முனையிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் குறை. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் மறு பாதையின் குறை தெரியும். விளக்கு எரியாத நிலையில் இதை அளந்தால் பயனில்லை. மின்னோட்டம் இல்லாத வயரில் இழப்பும் இருக்காது.

ஒரே ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அதன் ஹோல்டரைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் தவறுதலாக 24 வோல்ட் பல்பு போட்டிருந்தாலும் சிவந்து மங்கலாகவே எரியும்.

பல்பு அடிக்கடி போகிறது

24 வோல்ட்டில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் மாட்டிய உடனே போய்விடும். அதில் குழப்பம் இல்லை. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை போவதானால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 14 வோல்ட்டை ஒட்டியும், 24 வோல்ட் வண்டியில் 28 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். 15 அல்லது 30 தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அளவு சரியாக இருந்தால் வண்டியின் அதிர்வுதான் காரணம்: விளக்கை நேராக இரும்பில் முடுக்காமல் இடையில் தடித்த ரப்பர் வைத்து முடுக்கவும்.

12 வோல்ட் டிரெய்லரை 24 வோல்ட் லாரியில் மாட்ட நேரும்போது, இரண்டு பேட்டரிகளின் நடு இணைப்பிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விளக்கு எரியும், ஆனால் ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே போக, மற்றொன்று மிகையாகச் சார்ஜ் ஏறி இரண்டும் காலத்துக்கு முன்பே கெடும். 24-க்கு 12 மாற்றித் தரும் கன்வெர்ட்டரோ, டிரெய்லரில் 24 வோல்ட் பல்புகளோதான் சரியான வழி.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், செம்புக் கம்பியைக் கட்டுவதும் டிரெய்லர் வயரிங்கில் மிக ஆபத்தானவை, ஏனெனில் வயர் உருகும் இடத்தின் மேலேயே வைக்கோல் இருக்கும்.

ஷார்ட்டைத் தேடும்போது ஃபியூஸ் மேல் ஃபியூஸாக மாற்றிச் செலவழிக்கத் தேவையில்லை. போன ஃபியூஸின் இடத்தில் டெஸ்ட் லேம்பின் இரு கிளிப்புகளையும் மாட்டிவிடவும். அந்த இணைப்பில் உள்ள பல்புகளை வண்டியிலும் டிரெய்லரிலும் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடவும். ஷார்ட் இருக்கும் வரை டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். 21 வாட் பல்பு மின்னோட்டத்தை ஒன்றே முக்கால் ஆம்பியருக்குள் கட்டி வைத்திருப்பதால் வயருக்கும் சேதமில்லை. டிரெய்லர் பிளக்கைக் கழற்றியதும் லேம்ப் அணைந்தால் ஷார்ட் டிரெய்லரில். பிளக்கை மீண்டும் மாட்டி, லேம்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வயரை முன்னிருந்து பின்னாக ஒவ்வோர் அடியாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தை அசைக்கும்போது லேம்ப் சிமிட்டுகிறதோ அங்கே உறை கிழிந்து செம்பு இரும்பைத் தொடுகிறது. சேசிஸில் துளை போட்டு வயரை நுழைத்த இடங்களும், இலைப்பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) அச்சுக்கும் மேலே வயர் தொங்கும் இடமும், கொக்கிக்கு அருகில் வளையும் இடமும் முதலில் பார்க்கத் தக்கவை. வைக்கோல், நெல் ஏற்றும் டிரெய்லரைக் களத்தில் பல நாள் நிறுத்தியிருந்தால் எலி கடித்த இடமும் கிடைக்கும். துளைகளில் ரப்பர் வளையம் போட்டு, வயரைக் குழாய்க்குள் விட்டுக் கட்டினால் இது திரும்ப வராது.

டிரெய்லரில் வெல்டிங் வேலை நடக்கும்போது டிராக்டரோ லாரியோ பூட்டியிருந்தால் பிளக்கைக் கழற்றி, பேட்டரி முனையையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கடிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் மின்னோட்டம் விளக்கின் எர்த் வயர் வழியாகத் திரும்பி அதை எரித்துவிடும்; ஆல்டர்னேட்டரும் மின்னணுப் பெட்டியும் பழுதாகலாம்.

நிற்கும்போது எரிகிறது, ஓடும்போது போகிறது

வளைவில் போனால் வயர் நீளம் போதாமல் பிளக்கை இழுக்கிறது. நேராக நிற்கும்போது நீளம் சரியாகத் தோன்றும். ஆகவே வண்டியை இடமும் வலமும் முழுவதும் வளைத்து நிறுத்தி நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். மிஞ்சிய வயர் தரையில் உரசாதபடி நடுவில் ஒரு ஸ்பிரிங்கில் தூக்கிக் கட்டவும். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கை கொண்டுவரும் நீட்டிப்பு டிரெய்லர்களில் சேசிஸை நீட்டும்போதெல்லாம் சுருள் கேபிள் இழுபடுவதால், சுருளின் இரண்டு நுனிகளிலும் உள்ளே இழை முறிந்திருப்பதே வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் உறையில் கீறல்கூடத் தெரியாது.

பாரம் ஏற்றினால் மட்டும் போகிறது என்றால் இலைப்பட்டை இறங்கும்போது நசுங்கும் வயரைத் தேடவும். சாக்கெட்டின் பின்கள் தளர்ந்திருந்தாலும் குலுங்கும்போது விட்டுவிட்டு எரியும். நடுவில் பிளவு உள்ள பின்னாக இருந்தால், மெல்லிய கத்தி நுனியைப் பிளவில் விட்டுச் சற்றே விரித்துவிட்டால் பிடிப்பு வந்துவிடும்.

இண்டிகேட்டர் வேகமாகவோ மெதுவாகவோ அடிக்கிறது

மின்னணு ஃபிளாஷர் உள்ள வண்டியில் பல்பு ஒன்று போனால் வேகமாக அடிக்கும். எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்னோட்டமே எடுப்பதால், அதை மாட்டியதும் பல்பு போய்விட்டது என்றே ஃபிளாஷர் கருதி வேகமாக அடிக்கும். பழைய, சூடேறி இயங்கும் வகை ஃபிளாஷரில் நிலைமை தலைகீழ்: டிரெய்லர் பல்பும் சேர்ந்து பாரம் கூடினால் வேகமாகும், பல்பு ஒன்று போனால் மெதுவாகும் அல்லது சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். எத்தனை 21 வாட் பல்புக்கு ஆனது என்பது ஃபிளாஷர் உறையிலேயே பொறித்திருக்கும். டிரெய்லரையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்கவும்.

பிரேக்கை மிதித்தால் வலது இண்டிகேட்டர் எரிகிறது

இது எர்த் கோளாறு போலத் தோன்றினாலும் வேறு. இங்கே விளக்கு மங்காமல் முழு வெளிச்சத்தில் எரியும். எரிய வேண்டிய விளக்கு மட்டும் தவறு. பின் எண்கள் மாறியிருக்கின்றன.

ஏழு பின் சாக்கெட்டுக்கு இரண்டு வேறு வரிசைகள் உண்டு. 12 வோல்ட்டுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 1724 முறையில் 1 இடது இண்டிகேட்டர், 2 பின்பக்க மூடுபனி விளக்கு, 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பின்விளக்கு, 6 பிரேக், 7 இடது பின்விளக்கு. 24 வோல்ட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 1185 முறையில் 1 எர்த், 2 இடது பின்விளக்கு, 3 இடது இண்டிகேட்டர், 4 பிரேக், 5 வலது இண்டிகேட்டர், 6 வலது பின்விளக்கு, 7 கூடுதல் இணைப்பு. 12 வோல்ட் டிராக்டரின் வயரிங் படத்தை வைத்துக்கொண்டு லாரி டிரெய்லரின் பிளக்கைக் கட்டினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது: பிரேக் மிதித்தால் வலது இண்டிகேட்டர்; வலது இண்டிகேட்டர் போட்டால் வலது பின்விளக்கு சிமிட்டல்; பார்க் லைட் போட்டால் பிரேக் லைட்; இடது இண்டிகேட்டர் போட்ட உடனே ஃபியூஸ், ஏனென்றால் லாரியின் மூன்றாம் பின் டிரெய்லரின் எர்த்தில் முட்டுகிறது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் வயரைத் தேட வேண்டாம், பிளக்கைத் திறந்து எண்ணைப் பார்த்து மாற்றுங்கள். எண்கள் ஒவ்வொரு பின்னுக்கும் அருகில் பொறித்திருக்கும். இரண்டு முறையிலும் எர்த் வெள்ளை, இடது இண்டிகேட்டர் மஞ்சள், வலது பச்சை, பிரேக் சிவப்பு, வலது பின்விளக்கு பழுப்பு, இடது கருப்பு என்பது விதி. ஆனால் கடையில் அன்று எந்த நிறம் இருந்ததோ அதைப் போட்டுக் கட்டிய டிரெய்லர்களே அதிகம் என்பதால் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மினுங்குகிறது

2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான லாரிகளில் பலவற்றில் விளக்குகளை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. பல்பு நலமாக இருக்கிறதா என்று அறிய அது மிகச் சிறிய மின்துடிப்புகளை அனுப்பும். இழை பல்பு அதற்கு அசையாது, எல்.இ.டி. மினுங்கும். இதற்குத் தடைப்பெட்டி (ரெசிஸ்டர்) மாட்டுவது ஒரு வழி. ஆனால் 21 வாட் பல்புக்கு ஈடான தடை அதே 21 வாட் வெப்பத்தை வெளியிடும் என்பதால் அதை இரும்புத் தகட்டில் முடுக்க வேண்டும், வயர் கட்டோடு சேர்த்துச் சுற்றக் கூடாது.

இத்தகைய வண்டியில் டிரெய்லருக்கு இணைப்பு எடுக்கும்போது பின்விளக்கு வயரைச் சீவி நேராக ஒட்டுப் போட்டால், பாரம் கூடியதாகப் பெட்டி கருதி அந்த இணைப்பையே நிறுத்திவிடக்கூடும். கம்பெனி கொடுத்த டிரெய்லர் சாக்கெட் இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ரிலே வைப்பதே முறை. வண்டியின் விளக்கு வயர் ரிலேயின் 86 எண் முனைக்கும், எர்த் 85-க்கும், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கும், டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் வயர் 87-க்கும் செல்ல வேண்டும். காயிலின் குறுக்கே டயோடு உள்ள ரிலேயைக் கேட்டு வாங்கவும். அதில் 85, 86 மாறக் கூடாது.

எல்லாம் எரிகிறது, பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை

இது மீட்டருக்குச் சிக்காத கோளாறு. வைக்கோல் பாரம் டிரெய்லரின் பின்பலகையைத் தாண்டி வெளியே தொங்கும்போது, விளக்கு அதன் அடியில் எரிந்துகொண்டிருக்கும். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நான்குவழிச் சாலையில் வேகமாக வரும் வண்டிக்கு அந்தப் பாரம் இருட்டோடு இருட்டாகத்தான் இருக்கும். இதற்கு மூன்றடிப் பலகை ஒன்றில் இரண்டு பின்விளக்கு, இரண்டு இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் ஆகியவற்றை மாட்டி, கேபிளும் பிளக்கும் வைத்துக்கொள்ளலாம். டிரெய்லரின் பின்பலகைக்கு அருகே இரண்டாவது சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, பாரம் கட்டி முடித்த பிறகு அந்தப் பலகையைக் கயிற்றின் வெளிப்புறத்தில் கட்டிச் சொருகினால் போதும். கேபிளை வைக்கோலுக்குள் விடாமல் கயிற்றோடு சேர்த்து வெளியிலேயே கொண்டு வரவும். அந்தச் சாக்கெட்டுக்கென்று 10 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக இருக்கட்டும்.